மணவறைக்குப் பின்னால் ஒரு கதவு

ஒரு கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கௌசலா முதலில் பார்ப்பது அதன் பின்சுவரைத்தான். சுவரில் நீர் ஊறிய கறை உண்டா, ஆணி அடித்த துளை உண்டா, மின்கம்பி தொங்குகிறதா என்று நோக்குவார். பின்னர் எதை எந்தத் துணியால் மறைப்பது என்று அங்கேயே நின்று தீர்மானிப்பார். மணவறைச் சோடனை அவருடைய தொழில். ஸ்கந்தபுரத்திலும் அதன் சுற்றூர்களிலும் நடைபெறும் கலியாணங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அவர்தாம் மணவறை அமைத்துக் கொடுக்கிறார்.

அவருடைய தந்தை வீரையா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து, கௌசலாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, கூலி வேலை செய்து, பின்னர் சிறிது வயலும் செய்தார். மகளுக்கோ மண்ணைவிடக் கத்தரிக்கோலிலேயே நாட்டம் அதிகம். கோயில் திருவிழாவுக்குக் கடதாசிப் பூச் செய்வதில் தொடங்கியவர், கணவர் சிறுநீரக நோயால் இறந்த பிறகு அதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். ரெஜிபோம் என்று எல்லாரும் சொல்லும் வெண்ணிற நுரைப் பலகையைச் சூடேற்றிய கம்பியால் வெட்டி, மயிலும் யானையும் தாமரையுமாகச் செதுக்குவார். அந்தக் கம்பி சற்று நேரம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் பலகை உருகிச் சுருண்டு கரும்புகை விடும். ஆகையால், தாம் விற்கும் அழகு எத்துணை எளிதில் எரியக்கூடியது என்பது அவருக்குத் தெரியாத செய்தியன்று.

ஸ்கந்தபுரத்து மண்டபத்தில் அவர் வழக்கமாக மறைப்பது ஒரு கதவை. மண்டபத்துக்கு இரண்டே வாசல்கள். ஒன்று முன்புறத்துப் பெரிய வாசல்; மற்றையது மணவறை வைக்கும் இடத்துக்கு நேர் பின்னால், சுவரின் நடுவே உள்ள இரட்டைக் கதவு. கதவு தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்று படம் பிடிப்பவர்கள் முறையிடுவார்கள். எனவே பொன்னிறத் துணியைச் சுவரோடு இழுத்துக் கட்டி, அதன்மேல் மயிலைச் சாத்தி, கதவு அங்கே இருப்பதே தெரியாதவாறு செய்துவிடுவார். இதை அவர் ஒரு திறமையாகவே கருதிவந்தார்.

இந்த மண்டபத்துக்குத்தான் வினோஜா வந்தார். பல்கலைக்கழகமொன்றில் பொறியியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர். தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மனிதர் எவ்வாறு வெளியேறுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. எரியும் கட்டடத்துக்குள் மனிதரை அனுப்பிச் சோதிக்க முடியாது. ஆகவே கணினியில் ஒரு கட்டடத்தை அமைத்து, கண்ணாடிபோலக் கண்களை மூடிக் கட்டும் ஒரு கருவியின் மூலம் அதற்குள் ஆட்களை நடமாட விட்டு, அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள். வெளிநாடுகளில் இவ்வாறு அலுவலகங்களையும் விடுதிகளையும் சுரங்கப் பாதைகளையும் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மவர்கள் கூட்டமாகக் கூடும் இடம் கலியாண மண்டபமன்றோ என்று எண்ணிய வினோஜா, இந்த மண்டபத்தைப் படம் பிடித்து, அளந்து, அப்படியே கணினிக்குள் கட்டிவிட்டார். கௌசலாவின் மயில் மணவறை, பொம்பிளை, மாப்பிளை, ஐயர், நாதஸ்வரம், கதிரை நிறைந்த சனம் யாவும் அதற்குள் இருந்தன. மணவறைக்குப் பின்னாலிருந்த கதவை மட்டும் அவர் மறைக்கவில்லை. சட்டப்படி அதன்மேல் இருக்கவேண்டிய, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கையும் பொருத்தியிருந்தார்.

செய்தி வேறு உருவத்தில் கௌசலாவின் காதை எட்டியது. மண்டபத்தைப் பராமரிக்கும் தவராசாவுக்கு, சீமெந்தால் நிரந்தர மேடை கட்டி, சுவரில் பெரிய மின்திரை பூட்டிவிடலாம் என்று நெடுநாளாக ஓர் எண்ணம் இருந்தது. திரையில் மயிலும் வரும், கோபுரமும் வரும், சோடனைக்காரர் தேவையில்லை. இப்போது பல்கலைக்கழகத்திலிருந்து நெருப்புப் பற்றி ஆராய ஆள் வருகிறது. ரெஜிபோம் மணவறை ஆபத்து என்று ஆய்வு முடிவு சொன்னால் தவராசாவுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆவணியில் அயலவரான நல்லதம்பியின் மகள் தர்மிளாவுக்கு அங்கே கலியாணம். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் தமக்கு இடம் இருக்குமோ என்பதே கௌசலாவின் கவலை. பிற மண்டபங்கள் தொலைவில் உள்ளன. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மணவறையை ஏற்றி, அந்தப் பாதைகளிற் குலுக்கிக்கொண்டு போனால் மயிலின் கழுத்து முறிந்துவிடும்.

சோதனை நாளன்று அயலிலிருந்து சிலரைத் தவராசா அழைத்திருந்தார். நானும் போயிருந்தேன். ஒவ்வொருவராகக் கதிரையில் இருத்தி, கருவியைக் கட்டி, கையில் ஒரு சிறு பிடியைக் கொடுத்தார்கள். பிடியை முன்னே தள்ளினால் கணினி மண்டபத்துக்குள் நடக்கலாம். அவர் காண்பது மேசையிலிருந்த திரையில் மற்றையோருக்கும் தெரிந்தது.

முதலில் தவராசா அமர்ந்தார். கணினிக் கலியாணம் தொடங்கியது. சற்று நேரத்தில் மணவறையின் ஓரத்திலிருந்து புகை எழுந்தது. மின்கம்பி எரிவதாக வினோஜா அமைத்திருந்தார். தவராசா அசையவில்லை. புகை தடித்தது.

“ஐயர் நெய்யைக் கூட ஊத்திப்போட்டார் போல,” என்றார் தவராசா.

புகை மண்டபம் முழுவதும் பரவித் திரை இருண்டது.

“முடிஞ்சுதோ பிள்ளை?”

“ஓம் அண்ணை. நீங்களும் முடிஞ்சு போனீங்கள்,” என்றார் வினோஜா.

அடுத்ததாக அமர்ந்தவர் நல்லதம்பியின் மனைவி தங்கம்மா. மணவறையில் புகை எழுந்ததும் அவர் பிடியை மடியில் வைத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பினார். அவரும் அப்படியே இருளுக்குள் போனார். நானும் அதையேதான் செய்தேன். கலியாணத்தில் மணவறைப் பக்கமிருந்து புகை வருவதைக் கண்டு எழுந்தோடும் வழக்கம் நம்மிடம் இல்லை.

வினோஜா சினக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. வியப்போடு சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது நான் படிச்ச ஒரு புத்தகத்திலயும் இல்லை,” என்று சொல்லிவிட்டு நெருப்பை இடம் மாற்றினார். முன்வாசலிற் கட்டிய மின்விளக்கு வளைவு எரியத் தொடங்கும், மணியும் அடிக்கும். இனித் தப்பக்கூடிய ஒரே வழி, மணவறைப் படியில் ஏறி, அதன் பின்னாலுள்ள கதவால் வெளியேறுவது.

இம்முறை பெரும்பாலானோர் ஓடினார்கள். ஆனால் ஓடியது எரியும் முன்வாசலை நோக்கி. சிலர் நடுவில் நின்று சுற்றினார்கள். பச்சை விளக்கைக் கண்டதாகத் தவராசா பின்னர் சொன்னார். அது சோடனையின் ஒரு பகுதி என்று நினைத்தாராம்.

கௌசலாவின் முறை வந்தது. அந்தக் கதவை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. மணி அடித்ததும் அவர் சரியாகத் திரும்பினார். மணவறையை நோக்கி விரைந்தார். முதற்படிக்கு முன்னால் நின்றார். இடப்பக்கம் போனார், அங்கே குத்துவிளக்கும் சுவரும் மட்டுமே இருந்தன. வலப்பக்கம் போனார், அங்கும் வழியில்லை. மீண்டும் படிக்கு வந்தார். பொம்பிளையும் மாப்பிளையும் எதிரே அமர்ந்திருந்தார்கள். பச்சை விளக்கு அவர்களுடைய தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. கௌசலா திரும்பி முன்வாசலுக்கு ஓடினார். திரை இருண்டது.

“அக்கா, நீங்கள் சரியாத்தான் வந்தனீங்கள். படியில ஏன் நிண்டனீங்கள்?” என்று வினோஜா கேட்டார்.

“செருப்போட எப்பிடி மிஸ் மணவறையில ஏறுறது?”

“அதுக்குள்ள உங்களுக்குக் காலே இல்லை அக்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். கௌசலாவும் சிரித்தார். உண்மைதான், அந்தக் கணினி உலகில் கீழே குனிந்து பார்த்தால் தரைமட்டுமே தெரியும், கால்கள் தெரியா. தவராசா மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப மணவறைதான் வழியை அடைக்குது. நான் சொன்னனான் எல்லே? திரையெண்டா இந்தக் கரைச்சல் இல்லை.”

“நான் இன்னும் முடிவொண்டும் சொல்லேல்லை அண்ணை,” என்றார் வினோஜா.

“நீங்கள் சொல்லவேண்டாம். நான் கண்டனான்.”

மறுநாட் காலையில் கௌசலா சைக்கிளில் மண்டபத்துக்கு வந்தபோது வினோஜா அடுத்த குழுவினருக்காகக் கருவிகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தமக்கு இன்னொரு முறை வேண்டும் என்று கௌசலா கேட்டார்.

“பயிற்சி எடுத்தா எல்லாருந்தான் ஏறுவினம் அக்கா. அதைக் கணக்கில சேக்கேலாது.”

“கணக்கில சேக்கவேண்டாம். எனக்குத் தெரியவேணும். அந்தக் கதவை நான் எத்தினை தரம் மூடியிருக்கிறன்! தெரிஞ்சுகொண்டும் ஏன் திரும்பினனான் எண்டு இரவெல்லாம் மண்டைக்குள்ள ஓடுது.”

வினோஜா கருவியைக் கட்டிவிட்டார். மணி அடித்தது. கௌசலா படிவரை போனார், நின்றார். கதவு இருப்பது தெரியும், கால் இல்லை என்பதும் தெரியும். ஆயினும் விரல் பிடியைத் தள்ளவில்லை. மீண்டும் இருள்.

கருவியைக் கழற்றாமலே அவர் சொன்னார்: “மிஸ், அந்தப் பொம்பிளை மாப்பிளையை எடுத்துப்போட்டு ஒருக்கா விடுங்கோ பாப்பம்.”

வினோஜா இருவரையும் நீக்கினார். மணவறை வெறுமையாக நின்றது. மணி அடித்ததும் கௌசலா ஒரே மூச்சிற் படியேறி, மயிலைச் சுற்றி, கதவைத் தள்ளி வெளியே போய்விட்டார். மீண்டும் இருவரையும் இருத்தினார் வினோஜா. மீண்டும் கௌசலா படியிலேயே நின்றார்.

“காரணம் செருப்பு இல்லை அக்கா, என்ன?” என்று வினோஜா மெதுவாகக் கேட்டார்.

“இல்லைத்தான்.” கௌசலா கருவியைக் கழற்றி மடியில் வைத்தார். “கலியாணத்துக்கு முதல்நாள் முழுக்க நான் அதுக்கு மேலதான் நிக்கிறன். சாப்பிடுறதும் அங்கதான். ஆனா பொம்பிளை வந்து இருந்தாப் பிறகு நான் அந்தப் பக்கம் போறேல்லை. என்ர அவர் செத்துப்போனாப் பிறகு அப்பிடித்தான். ஆரும் சொன்னதில்லை. நானாத்தான் வெளிய போய் நிப்பன்.” பின்னர் திரையிலிருந்த பொம்பிளையைக் காட்டி, “பொய்க் கலியாணம், பொய்ப் பொம்பிளை எண்டு எனக்கு வடிவாத் தெரியும். எண்டாலும் பாருங்கோவன்!” என்றார். அவருடைய குரலில் வருத்தத்தைவிட, தம்மைத் தாமே முதன்முறை கண்ட வியப்பே மிகுந்திருந்தது என்று வினோஜா பின்னர் என்னிடம் கூறினார்.

இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். படியில் ஏறாதவர்கள் பலர் இருப்பார்கள், காரணங்கள் பலவாகும் என்பது வினோஜாவுக்கு விளங்கியது. அவர்கள் எல்லாரையும் மாற்ற முடியாது; வழியை மாற்றலாம். மணவறையைச் சுவரிலிருந்து முன்னே தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டவர் யார் என்பதில் இன்றுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொருவரும் மற்றவரைச் சொல்கிறார்கள். மணவறைக்கும் சுவருக்கும் இடையே இருவர் சேர்ந்து நடக்கக்கூடிய பாதை. இரு பக்கத்தாலும் அதற்குள் போகலாம். படியிற் கால் வைக்கவே வேண்டியதில்லை. துணியைச் சுவரோடு இழுத்துக் கட்டாமல், கைபட்டால் விலகும்படி மணவறையின் முதுகிலேயே தொங்கவிடலாம். பச்சை விளக்கு துணிக்கு மேலே தெரியும்.

வினோஜா அதைக் கணினியில் அமைத்து, புதிய ஆட்களைக் கொண்டு சோதித்தார். அவர்களிற் பலர் பக்கவழியால் வெளியேறினார்கள், கௌசலாவும் வெளியேறினார். தங்கம்மா தம்மையும் இன்னொருமுறை விடச் சொன்னார். விட்டுப் பார்த்தபோது கதிரையை விட்டு எழவேயில்லை. கேட்டதற்கு, “மாப்பிளை பொம்பிளை எழும்பாமல் நாங்கள் எப்பிடிப் பிள்ளை எழும்புறது? மரியாதை இல்லையே!” என்றார். கணினிப் பொம்பிளையையும் மாப்பிளையையும் முதலில் எழுந்து நடக்கவைத்ததும் அவரும் பின்னாலேயே போனார்.

தவராசா இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். மணவறை முன்னுக்கு வந்தால் முன்வரிசைக் கதிரைகள் குறையும் என்றார். கலியாண வீட்டார் ஒப்புக்கொண்டால் தாம் ஒருமுறை பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் அடுத்த மாதமே மேடை கட்ட மேசனை அழைத்துவிடுவதாகவும் சொன்னார். நல்லதம்பியோ பச்சை விளக்கைத்தான் எதிர்த்தார்.

“லண்டனில இருந்து அண்ணன்ர பிள்ளையள் படம் பாக்குங்கள். பச்சை வெளிச்சத்தில பொம்பிளை பேய் மாதிரி இருப்பாள்.”

“என்ர கூறைச் சேலையில பச்சைக் கரை இருக்கப்பா. பொருந்தும்,” என்றாள் தர்மிளா. “அதோட, பேய் எண்டாலும் உயிரோட இருக்கிற பேயா இருக்கலாந்தானே?”

நல்லதம்பி ஒப்புக்கொண்டார். ஆனால் தவராசா இன்னுமொரு நிபந்தனை வைத்திருந்தார்.

“முகூர்த்தம் முடியிற மட்டும் நீ அந்தக் கதவடியில நிக்கவேணும் கௌசலா. கதவைத் திறந்து வைச்சுப்போட்டு நீ வெளிய போனா, எங்கட சனம் சோடாப் பெட்டியும் வாழைக்குலையும் கொண்டுவந்து அந்தப் பாதையை நிரப்பிப்போடும். பிறகு எனக்குத்தான் பேச்சு விழும்.”

அவர் சொன்னதிற் பிழையில்லை. கௌசலா அன்று பின்னேரம் தங்கம்மாவின் வீட்டுக்குப் போனார். தங்கம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார்.

“அக்கா, முகூர்த்த நேரம் நான் மணவறைக்குப் பின்னால நிக்கவேண்டி வரும். உங்களிட்டக் கேட்டுப்போட்டுத்தான் தவராசா அண்ணைக்குச் சொல்லவேணும். நீங்கள் வேண்டாமெண்டா அவர் அடுத்த மாதமே சுவரில திரையைப் பூட்டிப்போடுவார்.”

தங்கம்மா கையைச் சேலையில் துடைத்தார். “எனக்கொண்டும் இல்லையடி. என்ர மச்சாள்மாரை நினைச்சுத்தான் யோசிக்கிறன்.” பின்னர் ஒரு வழி தோன்றியவராக, “நீ பின்னால. அவையள் முன்னால. இடையில உன்ர மயில் நிக்குது. ஆர் காணப்போகினம்? பேசாமல் நில்லு,” என்றார்.

கௌசலாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒப்புக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அவர் எழவில்லை.

“ஒளிச்சு நிண்டு பிரயோசனமில்லை அக்கா. ஏதும் நடந்தா நான் கூப்பிட, சனம் என்னட்ட வரவேணும். அங்க ஒரு கதவு இருக்கெண்டும், நான்தான் அதுக்குப் பொறுப்பெண்டும் முதலே தெரிஞ்சாத்தான் வருவினம். நீங்கள் சபையில சொல்லவேணும்.”

“மைக்கிலயோ?”

“ஓம், மைக்கில.”

தங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கு அந்தக் கண்ணாடியைப் போட்டது பிழையாப்போச்சு,” என்றார். முடிவு எதுவும் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினார்.

கலியாணத்துக்கு முதல்நாள் கௌசலா மணவறையைச் சுவரிலிருந்து தள்ளியே நிறுத்தினார். அந்த முடிவைத் தாமே எடுத்ததாகவும், மறுநாள் தங்கம்மா வந்து கோபித்தால் எல்லாவற்றையும் இழந்துவிடுவோம் என்பது தெரிந்தே எடுத்ததாகவும் பின்னர் கூறினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பொம்பிளை வந்து அமர்ந்தாள். கௌசலா பின்பாதையிற் கதவருகே நின்றார். தவராசா முன்னறிந்தது சரியாகவே இருந்தது; யாரோ இரண்டு சோடாப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள், கௌசலா திருப்பி அனுப்பினார். நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில் ஒலிவாங்கி கரகரத்தது. தங்கம்மாவின் குரல் கேட்டது.

“வந்திருக்கிற எல்லாருக்கும் ஒரு சொல்லு. மணவறைக்குப் பின்னால ஒரு வாசல் திறந்து கிடக்கு. நெருப்புக் கிருப்பு எண்டு ஏதும் நடந்தா ரெண்டு பக்கத்தாலயும் போகலாம். மணவறையில ஏறத் தேவையில்லை. கௌசலா அங்க நிக்கிறா. அவா கூப்பிட்டா ஒருதரும் யோசியாமல் போங்கோ. என்ர பிள்ளையும் மாப்பிளையும்தான் முதல் எழும்புவினம்.” சற்று நிறுத்திவிட்டு, “கௌசலா, கையைக் காட்டு!” என்றார்.

கௌசலா பாதையின் ஓரத்துக்கு வந்து கையை உயர்த்தினார். சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு மச்சாள், “முகூர்த்த நேரத்தில இதென்ன கதை, தங்கம்மா!” என்றார்.

“நீங்கள் இருக்கிறதெண்டா இருங்கோ மச்சாள். நாங்கள் போய் வெளியில நிண்டு உங்களைக் கூப்பிடுறம்,” என்று தங்கம்மா ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது.

தாலி ஏறிய வேளையில் கௌசலா மணவறையின் முதுகையே கண்டார். தீட்டப்படாத நுரைப் பலகையும் கட்டுக்கம்பியும் அவர் கண்முன் இருந்தன. முன்னாலிருந்து எறிந்த பூவும் அட்சதையும் மேலால் வந்து பாதையில் விழுந்தன. அரிசி காலுக்கடியில் வழுக்கும். முகூர்த்த நேரத்திற் கூட்டுமாறு எடுக்கவும் கூடாது. ஆகவே அவர் குனிந்து கையால் அள்ளிச் சேலைத் தலைப்பிற் போட்டுக்கொண்டார்.

பந்தி முடிந்து சனம் கலைந்த பிறகு தவராசா வந்தார். ஐப்பசியில் ஒரு கலியாணம் பதிவாகியிருக்கிறது என்றும், மணவறையை இப்படியே முன்னுக்கு வைக்கலாம் என்றும், கதிரையை மட்டும் தாம் வேறுவிதமாக அடுக்குவதாகவும் சொன்னார். மேசனைப் பற்றிய கதையே எடுக்கவில்லை. அவர் போனதும், விருந்தினராக வந்திருந்த வினோஜா பாதைக்குள் வந்தார்.

“அக்கா, இண்டைக்குப் பிறகு அந்தப் பழைய மணவறையில உங்களை விட்டா, பொம்பிளை மாப்பிளை இருக்கேக்க படியில ஏறுவீங்களோ?”

கௌசலா கேள்வியை உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்.

“தெரியாது மிஸ். ஏறுவன் எண்டு வாய்க்கு வருது. கை என்ன செய்யுமெண்டு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். கண்ணாடி கொண்டு வந்தனீங்களோ?”

“காருக்குள்ள கிடக்கு.”

“எடுத்துக்கொண்டு வாங்கோ. அதுக்கு முதல் இந்த மயிலில ஒரு பக்கம் பிடியுங்கோ, கழுத்தடியில வேண்டாம்,” என்றார் கௌசலா.